இரு றக்பிகளுக்கு இடையே ஓர் இளைஞன்

அவுஸ்திரேலியாவின் தேசிய றக்பி லீக் போட்டிகளில் 18 வயது பூர்த்தியாகாத எவரும் களமிறங்க முடியாது என்பது விதி. 2021ஆம் ஆண்டில் இவ்விதி ஒருவருக்காகத் தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் 29ஆம் திகதி சிட்னி றூஸ்ரர்ஸ் கழகத்தின் சார்பில் கன்பரா அணிக்கு எதிராக விளையாடிய ஜோசப் சுவாலீக்கு அப்போது 17 வயது. 18 ஆவதற்கு இரண்டு மாதங்களே இருந்தன. இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர். ஆனால் அந்த இளைஞரை அடையும் பொருட்டு இரண்டு கழகங்களும் இரண்டு விளையாட்டுகளும் அதற்கு ஒரு வருடம் முன்னரே போட்டியிடத் தொடங்கிவிட்டன. சந்தை விரைந்துகொண்டிருக்கும்போது விதிகள் பொறுமை காப்பது அரிது.

விளையாட்டுப் பக்கத்துக்குரிய விடயத்தை இப்பக்கத்தில் எழுதுவதேன் என வாசகர்கள் வினவலாம். இது உண்மையில் தொழிலும் உழைப்பும் சம்பந்தப்பட்ட ஒரு விவகாரம். உடலையே மூலதனமாகக் கொண்ட ஒரு தொழிலில், அந்த உடலுக்கு விலை நிர்ணயிப்பவர் யார், அதன் சேதாரத்தைச் சுமப்பவர் யார் என்ற கேள்வி சுவாலீயின் குறுகிய தொழில் வாழ்க்கையில் தெளிவாகத் துலங்குகின்றது.

எமது நாட்டில் றக்பி என்று அறியப்படுவது பதினைந்து பேர் ஆடும் யூனியன் வகையாகும். கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிரட்பி கேடயப் போட்டி அவ்வகையைச் சேர்ந்ததே. கொழும்பு ஸாஹிராக் கல்லூரியும் நெடுங்காலமாக அதனை ஆடிவருகின்றது. வடக்கு, கிழக்கில் பந்து என்றால் பெரும்பாலும் உதைபந்துதான். ஆகவே றக்பியில் இரண்டு வகைகள் உண்டென்பதே எம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். லீக் வகையில் அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தை வைத்திருக்கும் அணி ஆறு தடவைகள் தடுத்து வீழ்த்தப்பட்டதும் பந்தை எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும். இதனால் ஆட்டம் தடையின்றி விரைவாக நகர்கின்றது. பார்வையாளருக்கு விருந்து. ஆனால் முழு வேகத்தில் ஓடிவரும் நூறு கிலோ எடையுள்ள ஒருவரை அதேயளவு எடையுள்ள இருவர் அல்லது மூவர் நேருக்கு நேர் மோதி நிறுத்துவது 80 நிமிடங்களுக்கும் திரும்பத் திரும்ப நிகழ்கின்றது.

இவ்விரு வகைகளும் பிரிந்தமைக்கு ஆட்ட விதிகள் காரணமல்ல. கூலியே காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வட பகுதியில் றக்பி ஆடியவர்களிற் பெரும்பாலானோர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் வேலை செய்த தொழிலாளர். சனிக்கிழமைகளில் ஆடச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்யக் கழகங்கள் முன்வந்தபோது, லண்டனில் இருந்த கனவான்களின் நிர்வாகம் அதனைத் தொழின்முறை என்று கூறித் தடைசெய்தது. 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வட பகுதிக் கழகங்கள் தனிவழி சென்றன. பணவசதி உள்ளவனுக்கு இலவசமாக ஆடுவது பெருமை, ஏழைக்கு அது ஒரு நாட்பட்டினி என்ற எளிய உண்மையிலிருந்தே லீக் பிறந்தது எனலாம்.

சிட்னியிலும் இதே கதைதான். அலெக்ஸ் பேர்டன் என்ற வீரர் மாநில அணிக்காக ஆடியபோது காயமுற்றுப் பல வாரங்கள் தொழிலுக்குச் செல்ல முடியாதிருந்தார். ஆட்டங்களைக் காட்டிப் பெருந்தொகை ஈட்டிய யூனியன் நிர்வாகம் அவருக்கு ஈடு எதனையும் வழங்கவில்லை. இந்த மனக்கசப்பு 1907இல் அங்கு லீக் வகை தோன்ற ஏதுவாயிற்று. அக்காலத்தில் யூனியன் ஆட்டத்தின் முடிசூடா மன்னராக விளங்கிய டலி மெசெஞ்சர் அவ்வாண்டே புதிய பக்கத்துக்கு மாறினார். அவருக்கு அப்போது வயது 24. அவர் போன பின்னர் மக்கள் கூட்டமும் அவர் பின்னால் போயிற்று. அவர் ஆடிய ஈஸ்டேர்ன் சபேர்ப்ஸ் கழகமே இன்றைய சிட்னி றூஸ்ரர்ஸ். ஆண்டின் மிகச் சிறந்த லீக் வீரருக்கு அவரது பெயரிலேயே இன்றும் பதக்கம் வழங்கப்படுகின்றது.

பின்னர் ஏறக்குறைய 90 ஆண்டுகள் பணம் ஒரே திசையிற்தான் இழுத்தது. யூனியனில் மிளிர்ந்தவர்களை லீக் கழகங்கள் காசு கொடுத்து அழைத்துச் சென்றன. 1995 ஓகஸ்டில் யூனியனும் தொழின்முறையாக மாறியதும் நீரோட்டம் இரு திசைகளிலும் பாயத் தொடங்கியது. சுவாலீயைப் பற்றிய இழுபறி இவ்வரலாற்றின் புதிய அத்தியாயம்.

சமோவா வம்சாவளியினரான சுவாலீ 2003 ஓகஸ்ட் முதலாம் திகதி பிறந்தவர். வளர்ந்தது மேற்குச் சிட்னியில். அங்குள்ள கிங்ஸ் கல்லூரியில் அவர் ஆடியது யூனியன். கழக மட்டத்தில் ஆடியது லீக். பாடசாலை நாட்களிலேயே அவரது ஆற்றலைக் கண்டு இரண்டு தரப்பும் வலைவீசின. 2020இல், அவருக்கு 16 வயதாக இருக்கையில், யூனியனின் தேசிய நிர்வாகமான றக்பி அவுஸ்திரேலியாவும் சவுத் சிட்னி லீக் கழகமும் அவருக்காக மோதிய செய்தி நாட்டின் பத்திரிகைகளில் வாரக்கணக்காக அடிபட்டது. பெரியவர்களின் முதல் தர ஆட்டம் ஒன்றிற்கூட அதுவரை தோன்றியிராத பையனைப் பற்றியே இத்தனை ஆரவாரம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஈற்றில் சவுத் சிட்னியை விட்டு, 1908 முதல் அதன் பரம வைரியான றூஸ்ரர்ஸ் கழகத்துடன் அவர் இணைந்தார்.

18 வயது விதி தற்செயலாக ஏற்பட்டதன்று. எலும்பும் தசைநாரும் முதிர்ச்சியடையாத ஒருவரை முப்பது வயது ஆண்களின் மோதலுக்கு நடுவே நிறுத்துவதன் ஆபத்து வெளிப்படையானது. இன்னொரு காரணம் அத்துணை வெளிப்படையானதன்று. இளம் வீரர்களின் மன நலமே அது. 2008இல் 20 வயதுக்குட்பட்டோருக்காகத் தொலைக்காட்சிப் புகழோடு ஒரு தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கப்பட்டது. வாரந்தோறும் நாடு முழுவதும் பயணம், திரையில் முகம், எதிர்காலம் பற்றிய பெருங்கனவு. ஆனால் அதில் ஆடியவர்களிற் சிலருக்கே மேல் தரத்தில் இடமிருந்தது. 2013இல் 20 வயது வீரர் ஒருவர், பயிற்சியின்போது காயமுற்ற அதே நாளில் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு காயம் தமது எதிர்காலம் முழுவதையும், தம்மை நம்பியிருந்த குடும்பத்தின் எதிர்காலத்தையும் சேர்த்தே அழித்துவிட்டது என்று ஓர் இளைஞர் எண்ணக்கூடிய சூழலை வளர்ந்தவர்கள் உருவாக்கியிருந்தனர் என்பதே கசப்பான உண்மை. அச்சுற்றுப்போட்டி 2017உடன் கைவிடப்பட்டது. தேசிய லீக் வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பசுபிக் தீவு வம்சாவளியினர். அவர்களிற் பலருக்குக் கழகச் சம்பளம் தனியொருவரின் வருமானமன்று. பெற்றோர், உடன்பிறந்தோர், தேவாலயம், தீவிலுள்ள உறவினர் என்று அது பகிரப்படும். வெளிநாட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எமது வீடுகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

விதி தளர்த்தப்பட்ட அதே பருவத்தில் அதே கழகத்தில் வேறொன்றும் நடந்தது. பரபரப்பில் அது உரிய கவனத்தைப் பெறவில்லை. றூஸ்ரர்ஸின் அணித்தலைவர்களான ஜேக் பிரெண்ட், பொய்ட் கோர்ட்னர் ஆகிய இருவரும், முன்னவர் ஏப்ரலிலும் பின்னவர் ஜூனிலும், தொடர் தலையதிர்ச்சிகள் காரணமாக ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றனர். ஒருவருக்கு வயது 31, மற்றவருக்கு 29. ஓரத்தில் ஓடும் விங் நிலையில் ஆடிய அனுபவசாலி பிரெட் மொறிஸும் முழங்கால் காயத்தினால் விடைபெற்றார். அந்த ஓரத்து இடத்துக்கே சுவாலீ அழைக்கப்பட்டார். மூளை அடிபட்டுத் தலைவர்கள் ஒரு வாயிலால் வெளியேற, விதிவிலக்குப் பெற்ற சிறுவன் மறு வாயிலால் உள்ளே வருகின்றான். ஒரு தொழிலின் ஆரம்பத்தையும் முடிவையும் அருகருகே வைத்து இதனைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். சுவாலீயின் முதற் பருவமும் நீளவில்லை. சில ஆட்டங்களின் பின்னர் பாதத்தில் ஏற்பட்ட காயம் அதனை முடித்துவைத்தது.

2022 அவருக்கு நல்ல ஆண்டு. றூஸ்ரர்ஸில் நிரந்தர இடம் கிடைத்தது. ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நடைபெற்ற லீக் உலகக் கிண்ணத்தில் சமோவாவின் சார்பில் ஆடினார். முதலாவது ஆட்டத்தில் இங்கிலாந்து 60–6 என்று சமோவாவை நசுக்கியது. நான்கு வாரங்களின் பின்னர் அரையிறுதியில் மேலதிக நேரத்தில் 27–26 என்று அதே இங்கிலாந்தைச் சமோவா வீழ்த்தியது. பசுபிக் தீவு நாடொன்று இறுதியாட்டத்துக்குச் சென்றது அதுவே முதற் தடவை. இறுதியில் அவுஸ்திரேலியா 30–10 என வென்றதாயினும், சிட்னியிலும் ஒக்லாந்திலும் சமோவாக் கொடியுடன் வீதிக்கு இறங்கிய மக்களுக்கு அத்தோல்வி ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

இத்தகைய நிலையிலேயே 2023 மார்ச்சில் றக்பி அவுஸ்திரேலியா தனது அறிவிப்பை விடுத்தது. 2024 பருவத்தின் பின்னர் சுவாலீ யூனியனுக்கு வருவார். ஒப்பந்தம் 2027 வரை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 16 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் என்று அந்நாட்டு ஊடகங்கள் எழுதின. இத்தொகையின் பருமனை விளங்கிக்கொள்ள ஓர் ஒப்பீடு உதவும். அவ்வாண்டில் லீக் கழகமொன்று தனது முதன்மை வீரர்கள் 30 பேருக்குமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 121 இலட்சம் டொலர். சராசரியாகத் தலைக்கு நான்கு இலட்சம். நால்வரின் ஊதியம் 19 வயது இளைஞர் ஒருவருக்கு.

பணத்தை விரும்பினார் என்று சுவாலீயைக் குறைகூறுவது நியாயமன்று. காயமொன்றினால் எந்த வாரமும் முடிந்துவிடக்கூடிய தொழிலில், கிடைக்கும்போது பெற்றுக்கொள்வது விவேகமே. கேள்வி கொடுத்தவர்களைப் பற்றியது. அவரை ஒப்பந்தம் செய்தபோது றக்பி அவுஸ்திரேலியாவின் தலைவராக ஹாமிஷ் மக்லெனனும் தேசிய அணியின் பயிற்றுநராக எடி ஜோன்ஸும் இருந்தனர். அவ்வாண்டு பிரான்ஸில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியா முதற்சுற்றுடனேயே வெளியேறியது. ஜோன்ஸ் விலகினார், மக்லெனன் நவம்பரில் பதவியிழந்தார். நிறுவனம் எட்டுக் கோடி டொலர் கடன் வசதியைப் பெற்றுக்கொண்டது. மறு ஆண்டு மெல்பேர்ன் றெபெல்ஸ் அணி மூடப்பட்டு வீரர்களும் ஊழியர்களும் வேறு இடம் தேடினர். ஓர் இளைஞரைக் காட்டி ஒரு விளையாட்டையே மீட்டுவிடலாம் என்று எண்ணியவர்கள், அவர் வந்து சேர்வதற்கு முன்னரே வீட்டுக்குப் போய்விட்டனர். எதிர்பார்ப்பின் பாரம் மட்டும் அவரது தோள்களில் எஞ்சியது.

ஒப்பந்தத்தை மாற்றுவதும் மாறாதிருப்பதும் குறித்து முஸ்லிம் வாசகர்கள் பலர் அறிந்த இருவரை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். 2004இல் சிட்னியின் கன்ரபரி புல்டோக்ஸ் கழகம், றூஸ்ரர்ஸை 16–13 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. அவ்வணியில் லெபனானின் திரிப்போலியிற் பிறந்து, உள்நாட்டுப் போரின்போது குடும்பத்தோடு அவுஸ்திரேலியா வந்த ஹாசிம் அல் மஸ்ரி இருந்தார். 19 வயது சொனி பில் வில்லியம்ஸும் இருந்தார். அல் மஸ்ரி 1996 முதல் 2009 வரை வேறெந்த லீக் கழகத்துக்கும் போகாமல் ஆடி 2,418 புள்ளிகள் குவித்தார். அச்சாதனை 2019 வரை நிலைத்தது. வில்லியம்ஸோ 2008 ஜூலையில், நீண்டகால ஒப்பந்தத்தை இடைநடுவில் முறித்துக்கொண்டு பிரான்ஸின் தூலோன் யூனியன் கழகத்துக்குப் பறந்தார். வழக்குத் தொடரப்பட்டு, ஏழரை இலட்சம் டொலர் நட்டஈட்டுடன் அது முடிவுக்கு வந்தது. பிரான்ஸில் வாழ்ந்த காலத்தில் இஸ்லாத்தைத் தழுவிய அவர், நியூஸிலாந்து அணியுடன் 2011இலும் 2015இலும் யூனியன் உலகக் கிண்ணத்தை வென்றார். இடையே 2013இல் லீக்குக்குத் திரும்பி றூஸ்ரர்ஸுக்கும் கிண்ணம் பெற்றுக்கொடுத்தார். ஓடிப்போனவர் என்று அன்று ஏசியவர்கள் பின்னர் கைதட்டினர்.

அந்த 2004 அணியின் பயிற்றுநர் ஸ்டீவ் போக்ஸ். அவரும் அதே கழகத்தின் முன்னாள் வீரர். 2018இல் 59 வயதில் காலமானார். அவரது மூளையை ஆராய்ந்தபோது, தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகளால் உண்டாகும் நீடித்த மூளைச் சிதைவு நோய் காணப்பட்டது. 2019இல் அவரது குடும்பத்தினர் இதனைப் பகிரங்கப்படுத்தினர். உயிரோடிருக்கும்போது இந்நோயை உறுதிப்படுத்த முடியாது. இறந்த பின்னர் மூளையை வெட்டிப் பார்த்தே அறியலாம். 2022இல் 49 வயதில் மறைந்த முன்னாள் வீரரும் பயிற்றுநருமான போல் கிரீனுக்கும் இதே நோய் கடுமையாக இருந்தமை தெரியவந்தது. தலையதிர்ச்சிக்கு உள்ளான வீரர் குறைந்தது 11 நாட்கள் விலகியிருக்க வேண்டும் என்ற விதியை 2023இல் தேசிய லீக் கொண்டுவந்தது இவற்றின் தொடர்ச்சியே.

இப்பின்னணியை அறிந்தவர்களுக்கு 2024 ஜூன் 5ஆம் திகதி சிட்னியில் நிகழ்ந்தது தனியொரு வீரரின் தவறாகத் தெரியாது. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களுக்கு இடையிலான வருடாந்தத் தொடரில் சுவாலீக்கு அது முதலாட்டம். எட்டாவது நிமிடத்தில் குயின்ஸ்லாந்தின் றீஸ் வோல்ஷை நிறுத்தப் பாய்ந்தபோது அவரது தோள் வோல்ஷின் தலையிற் பட்டது. மத்தியஸ்தர் சுவாலீயைக் களத்திலிருந்து வெளியேற்றினார். அத்தொடரின் வரலாற்றில் அவ்வளவு விரைவாக எவரும் வெளியேற்றப்பட்டதில்லை. 12 பேருடன் எஞ்சிய நேரம் முழுவதும் போராடிய நியூ சவுத் வேல்ஸ் 38–10 எனத் தோற்றது. அவருக்கு நான்கு ஆட்டத் தடை. வோல்ஷும் அன்று மீண்டும் களம் திரும்பவில்லை. மத்தியஸ்தர் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார் என்று புலம்பியவர்கள் உண்டு. எமது பார்வையில் அவர் செய்தது சரியே. தலையைக் காக்கும் விதி பெரிய ஆட்டத்தில் உறங்குமாயின் சிறிய ஆட்டங்களில் அதனை யார் மதிப்பர்? சுவாலீ இன்றியே எஞ்சிய இரண்டு ஆட்டங்களையும் வென்று நியூ சவுத் வேல்ஸ் தொடரைக் கைப்பற்றியது என்பது வேறு கதை.

ஐந்து மாதங்களில் காட்சி முற்றாக மாறியது. 2024 நவம்பர் 9ஆம் திகதி லண்டன் டுவிக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான யூனியன் டெஸ்ட். பாடசாலையை விட்ட பின்னர் யூனியனில் முதல் தர ஆட்டம் ஒன்றுகூட ஆடியிராத சுவாலீயை நேரடியாகத் தேசிய அணியில் நிறுத்தினார் புதிய பயிற்றுநர் ஜோ ஷ்மிட். சூதாட்டம் போன்றதொரு முடிவுதான். உயர எழும்பும் பந்தை எதிரிகளின் கைக்கு எட்டுமுன் பறிப்பதிலும், பிடிபட்ட நிலையிலும் பந்தைத் தோழரிடம் சேர்ப்பதிலும் அன்று அவருக்கு நிகரில்லை. அவுஸ்திரேலியா 42–37 என வென்றது. ஆட்டநாயகன் அவரே. இரண்டு வாரங்களின் பின்னர் ஸ்கொட்லாந்தில் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த ஆண்டு தாடை எலும்பு முறிந்தது. ஆட்டநாயகன் என்ற செய்தி முதற் பக்கத்தில் வரும், எலும்பு முறிந்த செய்தி உள்ளே ஒரு பத்தியில் வரும். பத்திரிகைத் தொழிலில் நாமும் அப்படித்தான் செய்கின்றோம்.

2025இல் பிரித்தானிய, அயர்லாந்து லயன்ஸ் அணியிடம் தொடரை 2–1 என இழந்த அவுஸ்திரேலியா, ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜொஹனஸ்பேர்க்கின் எல்லிஸ் பார்க்கில் உலகச் சம்பியனான தென்னாபிரிக்காவிடம் 22–0 எனப் பின்தங்கியிருந்து, 38–22 என வென்றது. 1963இன் பின்னர் அம்மைதானத்தில் அவுஸ்திரேலியா பெற்ற முதல் வெற்றி அது. எதிரணியின் பந்தை இடைமறித்து ஓடிச் சுவாலீ பெற்ற ட்ரையும் அதிலடங்கும். 16 இலட்சம் டொலருக்கு இவர் தகுதியானவரா என்று அதுவரை கேட்டுவந்தோர் அன்றிரவு மட்டும் மௌனமாயினர். அடுத்த தோல்வியில் அக்கேள்வி திரும்பி வரும். விலையோடு ஒட்டப்பட்ட வீரருக்கு ஒவ்வோர் ஆட்டமும் கணக்குத் தீர்க்கும் நாளே.

அவரது ஒப்பந்தம் 2027இல் முடிவடைகின்றது. அவ்வாண்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் யூனியன் உலகக் கிண்ணம் அவுஸ்திரேலியாவிலேயே நடைபெறவுள்ளது. அதே ஆண்டு பேர்த் நகரிலும் அதற்கடுத்த ஆண்டு பப்புவா நியூகினியிலும் லீக் புதிய அணிகளை இறக்கவிருப்பதால், அவர் பொருட்டு மீண்டும் ஓர் ஏலம் நடக்கும் என்பதில் ஐயமில்லை. அப்போது சுவாலீக்கு வயது 24 ஆகியிருக்கும். டலி மெசெஞ்சர் எதிர்த் திசையில் எல்லை கடந்த அதே வயது.